அப்பா நின்ற இடம்

திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்து பால் பூத்துக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. அதன் ஏற்றத்தில் மூன்றாவது மின்கம்பத்தில் எப்போதும் யாருக்கேனும் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டப்பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது நான் அப்பாவுடன் தினமும் காலையில் நடக்கப் போனேன். முதல் நாள் அந்தக் கம்பத்தருகே நின்று அவர் சுவரொட்டியைப் படித்தார். மறுநாளும் நின்று படித்தார். மூன்றாம் நாளும் அதே கம்பம், அதே சுவரொட்டி, அதே இரண்டு நிமிடம். ஒரு பெயரும் இரண்டு தேதியும் 'இவண் குடும்பத்தார்' என்ற வரியும் மட்டுமே இருந்த ஒரு தாளை, ரயில்வே அஞ்சல் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடும் ரயிலில் கடிதங்களின் முகவரியை ஒரே பார்வையில் படித்துப் பிரித்தெறிந்த ஒருவர் மூன்று நாள் படித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

"என்னப்பா, வலிக்குதா?" என்று கேட்டேன். "வலியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இங்க சும்மா பிடிச்ச மாதிரி இருக்கும். ரெண்டு நிமிஷம் நின்னா சரியாயிடும். வாயுதான்" என்றார். 'இங்க' என்று சொன்னபோது அவர் விரலால் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டவில்லை. வலது கையை முட்டியாக மடக்கி நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்தினார். அப்படி முட்டியை மடக்கி நெஞ்சில் வைக்கும் சைகைக்கு மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கிறது என்பதும், சாமுவேல் லெவைன் என்ற அமெரிக்க இதய மருத்துவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அவர் நான்கைந்து மாதங்களாக இப்படி நின்று நின்றுதான் பாலம் ஏறுகிறார் என்பதும், அதை யாரிடமும் சொல்லவில்லை என்பதும்தான். கேட்டால் சொல்லியிருப்பார். ஆனால் நாங்கள் கேட்டதெல்லாம் 'வலி இருக்கிறதா' என்றுதான். அதற்கு அவருடைய நேர்மையான விடை 'இல்லை' என்பதுதான்.

ஆஞ்சைனா என்ற இந்த இதய நோயைப் பற்றி நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் 'வலி' என்ற இந்த ஒரு சொல்லைச் சுற்றியே இருக்கிறது. ஆஞ்சைனா என்பதை நாம் 'நெஞ்சுவலி' என்கிறோம். ஆனால் இலத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்கு வலி என்ற பொருளே இல்லை. நெரித்தல், மூச்சு முட்டும்படி இறுக்குதல் என்பதே பொருள். கழுத்தை நெரிப்பது போல நெஞ்சை நெரிப்பது. 'மார்பு நெரிப்பு' என்று யாரோ தமிழில் சரியாகவே மொழிபெயர்த்திருக்கிறார்கள். வழக்கில்தான் அது நிலைக்கவில்லை. நோயாளிகள் சொல்லும் சொற்களைக் கவனித்தால் அழுத்துகிறது, பிடிக்கிறது, கனக்கிறது, கல்லைத் தூக்கி வைத்தது போல இருக்கிறது, எரிகிறது, அடைக்கிறது என்றுதான் இருக்கும். குத்துகிறது, சுருக்கென்கிறது, மூச்சை இழுத்தால் வலிக்கிறது, ஒரு விரலால் இந்த இடம் என்று தொட்டுக் காட்ட முடிகிறது என்றால், அது வேறு எதுவாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்த நோய்க்கு அந்தப் பெயரை வைத்தவர் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1768 ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் கல்லூரியில் அவர் வாசித்த ஒரு கட்டுரை 1772 இல் அச்சேறியது. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, அதிலும் சாப்பிட்ட உடனே நடக்கும்போது, நெஞ்சில் ஓர் இறுக்கம் வந்து உயிரே போய்விடும் போலத் தோன்றும் என்றும், நின்ற மாத்திரத்தில் அது மறைந்துவிடும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அவரிடம் ஸ்டெதஸ்கோப்கூட இல்லை. அது கண்டுபிடிக்கப்பட இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. நோயாளிகள் சொன்னதைக் கேட்டே எழுதினார். இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த விவரிப்பில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. மேட்டில் ஏறுவது, மார்கழிக் குளிர், வீட்டில் சாப்பிட்ட வெண்பொங்கல் என்று எங்கள் மேம்பாலத்தைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

ஆனால் இது இதயத்தின் நோய் என்பது ஹெபர்டனுக்குத் தெரியாது. அவருடைய கட்டுரையைப் படித்த ஒருவர், தம் பெயரைக் குறிப்பிடாமல், தமக்கும் அதே தொல்லை இருப்பதாகவும் தாம் இறந்தால் உடலை அறுத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியலாம் என்றும் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சில வாரங்களில் அவர் இறந்தும் போனார். அக்காலத்தின் பெரும் அறுவை மருத்துவரான ஜான் ஹன்டர் அந்த உடலை ஆய்வு செய்தார். குறிப்பிடும்படியாக எதுவும் அவர் கண்ணில் படவில்லை. இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனிகளைப் பிளந்து பார்க்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை போலும். பின்னர் ஹன்டருக்கே அந்த நோய் வந்தது. அவருடைய மாணவரும், பிற்காலத்தில் அம்மைத் தடுப்பூசியால் புகழ் பெற்றவருமான எட்வர்ட் ஜென்னர், தமனிகள் கெட்டிப்படுவதே காரணம் என்று அதற்குள் ஊகித்திருந்தார். ஆசிரியர் மனம் கலங்கிவிடும் என்று அதை வெளியிடாமல் வைத்திருந்தார். 1793 இல் ஒரு மருத்துவமனைக் கூட்டத்தில் மூண்ட வாக்குவாதத்தின் நடுவே எழுந்து பக்கத்து அறைக்குப் போன ஹன்டர் அங்கேயே விழுந்து இறந்தார். உடலைத் திறந்தபோது அவருடைய இதயத் தமனிகள் சுண்ணாம்பேறிக் கிடந்தன.

ஏன் அப்பா எப்போதும் மூன்றாவது கம்பத்தில் நின்றார், ஏன் இரண்டாவதிலோ நான்காவதிலோ நிற்கவில்லை என்பதுதான் என்னை நெடுநாள் குடைந்துகொண்டிருந்த கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் நோயின் இயக்கம் முழுவதும் விளங்கிவிடுகிறது. கால் தசையோ கைத் தசையோ ஓய்வில் இருக்கும்போது தன்னைக் கடந்து போகும் இரத்தத்திலிருந்து சிறிதளவு ஆக்ஸிஜனையே எடுத்துக்கொள்ளும். வேலை கூடினால் அதே இரத்தத்திலிருந்து அதிகம் உறிஞ்சிக்கொள்ளும். இதயத் தசைக்கு அந்த வசதி இல்லை. அது ஓய்விலேயே ஏறத்தாழ முக்கால் பங்கு ஆக்ஸிஜனை எடுத்துவிடுகிறது. ஆகவே வேலை கூடும்போது இதயத்துக்கு இருக்கும் ஒரே வழி, தன் தமனிகளை விரித்து இன்னும் அதிகமான இரத்தத்தைத் தனக்குள் வரவழைப்பதுதான். நல்ல நிலையில் இருக்கும் தமனிகள் ஓய்வு நிலையைப் போல நான்கைந்து மடங்கு இரத்தத்தைத் தர வல்லவை. மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டுமே அகலமுள்ள அந்தக் குழாயின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பும் சுண்ணமும் நார்த்திசுவும் சேர்ந்து, விட்டத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் அடைபட்டுவிட்டால், உட்கார்ந்திருக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. ஏற்றத்தில் நடக்கும்போது மட்டும் தேவைக்கு வரத்து ஈடுகொடுக்க முடியாமல் போகும். சம்பளம் குறைந்த வீட்டில் மாதத்தின் முதல் வாரத்தில் எதுவும் தெரியாது. விருந்தாளி வந்தால்தான் தெரியும், அது போல.

இதயத்தின் தேவையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: நாடித்துடிப்பின் வேகம், இரத்த அழுத்தம். இவ்விரண்டையும் பெருக்கினால் வரும் எண் எந்த அளவைத் தொடும்போது நெரிப்பு தொடங்குகிறதோ, அந்த அளவு நிலையான ஆஞ்சைனா உள்ள ஒருவருக்கு ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது. ஒரே வேகத்தில், ஒரே ஏற்றத்தில், ஒரே நேரத்தில் நடப்பவர் தினமும் அந்த எல்லையை ஒரே இடத்தில்தான் தொடுவார். மூன்றாவது கம்பம் என்பது அப்பாவின் வலது இதயத் தமனி தெருவில் நட்டுவைத்த எல்லைக்கல். குளிர் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றிவிடுவதாலும், சாப்பிட்டவுடன் குடலுக்குக் கூடுதல் இரத்தம் போக வேண்டியிருப்பதாலும், கோபம் துடிப்பை விரட்டுவதாலும் அந்தக் கல் சில நாட்களில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வரும். அண்ணனுடன் சண்டை போட்ட மறுநாள் காலை இரண்டாவது கம்பத்திலேயே நின்றுவிட்டதாக அப்பா பின்னால் ஒருநாள் ஒப்புக்கொண்டார்.

'வாயு' என்ற விளக்கம் நம் வீடுகளில் இவ்வளவு உறுதியாக நிற்பதற்கும் இதே இயக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். சாப்பிட்ட பிறகு வருகிறது, நெஞ்சின் நடுவில் வருகிறது, சில வேளை ஏப்பமும் கூடவே வருகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? உட்கார வைக்கிறோம், ஓமத் தண்ணீரோ, பெருங்காயம் போட்ட மோரோ, கடையிலிருந்து ஒரு கோலி சோடாவோ வாங்கிக் கொடுக்கிறோம். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. சரியாக்கியது சோடா அல்ல, உட்கார்ந்தது. நின்றாலோ உட்கார்ந்தாலோ சில நிமிடங்களில் தானே அடங்கிவிடுவதுதான் நிலையான ஆஞ்சைனாவின் இலக்கணம். அந்தப் புகழ் முழுவதும் ஓமத்துக்குப் போய்விடுகிறது. அம்மா இன்றும் ஓமத்தை விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, உட்கார்ந்து குடிக்கும்வரை.

அந்த மார்கழியிலேயே அப்பாவை அருகிலிருந்த ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் யார் என்பது இங்கே தேவையில்லை. கூட்டமான கிளினிக், நல்ல மனிதர். 'நெஞ்சுவலியா?' என்றார், அப்பா 'வலி இல்லை, வாயு' என்றார். ஒரு ஈசிஜி எடுக்கச் சொன்னார். அது இயல்பாக இருந்தது. வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த ஈசிஜி தாளை அப்பா பாஸ்போர்ட்டைப் போலப் பஞ்சாங்கத்துக்குள் பத்திரப்படுத்தி, யார் கேட்டாலும் எடுத்துக் காட்டினார். இப்போது அந்தத் தாளில் கோடு எதுவும் இல்லை. வெப்பத்தால் அச்சாகும் தாள் என்பதால் இரண்டு கோடையில் வெளிறிப்போய் வெறும் கட்டங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. உண்மையில் அது எடுத்த அன்றே அவ்வளவுதான் சொல்லியது. நிலையான ஆஞ்சைனா உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, தொல்லை இல்லாத வேளையில் படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி முற்றிலும் இயல்பாகவே இருக்கும். வரத்தும் தேவையும் ஒத்துப்போகும் நேரத்தில் எடுத்த கணக்கில் பற்றாக்குறை தெரியாது.

பொங்கல் கழிந்து, தெரிந்தவர் ஒருவர் சொன்னதன் பேரில், ஓர் அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் காட்டினோம். அங்கே இருந்த மூத்த மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்குமுன் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. வலி என்ற சொல்லை அவர் பயன்படுத்தவே இல்லை. "நடக்கும்போது எங்கேயாவது நிற்க வேண்டியிருக்கிறதா ஐயா?" என்று தொடங்கினார். எங்கே, எவ்வளவு தூரத்தில், நின்றால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது, உட்கார்ந்திருக்கும்போது எப்போதாவது வந்ததுண்டா, இரவில் எழுப்பியதுண்டா, அப்போது கை கனக்கிறதா, தாடை இழுக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்டார். தாடை என்றதும் அப்பா நிமிர்ந்தார். இடது கீழ்க் கடைவாய்ப் பல் நடக்கும்போது மட்டும் வலிக்கிறது என்று சொல்லி, அதைப் பிடுங்கிவிடப் பல் மருத்துவரிடம் நாள் குறித்து வைத்திருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் அப்போதுதான் தெரிந்தது. இதயத்திலிருந்து வரும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தின் மேற்பகுதியில், கையின் உட்புறத்திலிருந்து வரும் நரம்புகளும் சேரும் அதே படிகளில் போய்ச் சேருகின்றன. தாடைக்கும் இதே போல ஒரு தொடர்பு உண்டு. மூளைக்குத் தந்தி எந்த ஊரிலிருந்து வந்தது என்று பிரித்தறியத் தெரிவதில்லை. அப்பா தொழில் மொழியில் இதை உடனே புரிந்துகொண்டார்: "மிஸ்சார்ட் ஆயிடுது" என்றார், கடிதம் தவறான பைக்குள் போய் விழுவது போல.

மார்பெலும்புக்குப் பின்னால் இறுக்கம், உழைப்பினாலோ உணர்ச்சியினாலோ தூண்டப்படுவது, ஓய்வினாலோ நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையினாலோ ஐந்து நிமிடத்துக்குள் அடங்குவது ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், சோதனை எதுவும் செய்யாமலே பெருமளவுக்கு இதுதான் என்று சொல்லிவிடலாம். சோதனைகள் அதை உறுதிப்படுத்தவும், எவ்வளவு ஆபத்து என்று அளக்கவும்தான். இதை அந்த மருத்துவர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது. இவ்வளவு கருவிகள் வந்த பிறகும் இந்த நோயில் முதல் கருவி காதாகவே இருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் நோய் இப்படிப் பாடப்புத்தகம் போல வருவதில்லை. பெண்களுக்கு நெஞ்சில் இறுக்கத்தோடு மூச்சிரைப்பும், காரணமில்லாத அசதியும், குமட்டலும் முன்னிலைக்கு வந்து நெஞ்சுக் குறியை மறைத்துவிடுவதுண்டு. பெரிய தமனிகளில் அடைப்பே இல்லாமல், படத்தில் தெரியாத நுண்குழாய்கள் சரியாக விரியாததால் வரும் ஆஞ்சைனாவும் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. 'ஆஞ்சியோ நன்றாக இருக்கிறது, எல்லாம் மனப்பிரமை' என்று திருப்பி அனுப்பப்படுவோரில் இவர்கள் பலர். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்புகள் மரத்துப்போய் அறிகுறியே தெரியாமலிருக்கலாம். பிரின்ஸ்மெட்டல் என்பவர் 1959 இல் விவரித்த இன்னொரு வகை, உழைப்போடு தொடர்பே இல்லாமல், பெரும்பாலும் பின்னிரவிலோ விடியற்காலையிலோ, தமனி திடீரென்று இறுகிச் சுருங்குவதால் வருவது. தமனியில் குறையே இல்லாமல், கடும் இரத்தசோகையோ தைராய்டு மிகையோ இதய வால்வுச் சுருக்கமோகூட இதே நெரிப்பைத் தரலாம் என்பதால்தான், எங்களை அனுப்பிய முதல் பரிசோதனையே ஹீமோகுளோபினாக இருந்தது.

மற்ற எல்லாவற்றையும்விட அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மூன்றாவது கம்பத்தில் வந்துகொண்டிருந்தது முதல் கம்பத்துக்கு இறங்கிவிட்டால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே வந்தால், அல்லது இதுவரை இல்லாதது புதிதாகக் கடுமையாகத் தொடங்கினால், அது நிலையற்ற ஆஞ்சைனா. தமனிச் சுவரின் படிவு வெடித்து அதன் மேல் இரத்தக்கட்டி உருவாகத் தொடங்கியிருக்கலாம் என்று பொருள். வியர்த்துக் கொட்டி, ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் நெரிப்பு விடவில்லை என்றால் அதை மாரடைப்பாகவே கருதி 108-ஐ அழைக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கோ, தானே பைக்கை எடுத்துக்கொண்டு போவதற்கோ அங்கே இடமில்லை. தமிழ்நாட்டு அரசு 2023 இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. பெரிய மருத்துவமனை தொலைவில் இருப்பவர்கள் தங்கள் பகுதிச் சுகாதார நிலையம் எங்கே என்பதையாவது தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அப்பாவுக்கு அடுத்து நடந்தது டிரெட்மில் சோதனை. ராபர்ட் புரூஸ் என்பவர் வகுத்த முறைப்படி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையின் வேகமும் சாய்வும் கூடிக்கொண்டே போகும். தொடக்கத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், பத்து சதவீத ஏற்றம். நெஞ்சில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு, வேட்டியை விட்டுவிட்டுக் கடன் வாங்கிய அரைக்கால் சட்டையில், அப்பா குளிரூட்டிய அறைக்குள் ஒரு மேம்பாலம் ஏறினார். இரண்டாம் கட்டத்தில், ஆறாவது நிமிடத்தை எட்டும் முன்பே, பிடிமானத்தை விட்டு வலது கை முட்டியாக மடங்கி நெஞ்சுக்கு வந்தது. அதே நொடியில் திரையில் ஈசிஜி கோட்டின் ஒரு பகுதி இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக இருந்த பழைய தாள் சொல்லாததை, மேடு ஏறும் இதயம் சொல்லிவிட்டது.

பிறகு ஆஞ்சியோகிராம். மணிக்கட்டின் தமனி வழியாக மெல்லிய குழாயை இதயத் தமனியின் வாய்வரை செலுத்தி, சாயம் பாய்ச்சிப் படமெடுப்பது. இப்போது பெரும்பாலும் ஒரு நாள் வேலையாகிவிட்ட இந்தச் சோதனை பிறந்தது ஒரு தவறில். 1958 இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் பெருந்தமனியில் சாயம் செலுத்தவிருந்தபோது குழாயின் நுனி நழுவி வலது இதயத் தமனிக்குள் போய்விட்டது. அங்கே சாயம் புகுந்தால் இதயம் நின்றுவிடும் என்றே அக்காலத்தில் நம்பினார்கள். நோயாளி பிழைத்தார், உயிருள்ள மனிதரின் இதயத் தமனி முதன்முறையாகத் தெளிவாகப் படத்தில் விழுந்தது. அதற்கும் முன், 1929 இல், வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் தம் கையின் சிரை வழியே தாமே குழாயைச் செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்து போயிருந்தார். 1956 இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பாவின் படத்தில் வலது தமனியில் எண்பது சதவீத அடைப்பும், இடதின் ஒரு கிளையில் ஐம்பது சதவீத அடைப்பும் இருந்தன. இடது முதன்மைத் தமனி நன்றாக இருந்தது. இதயம் இறைக்கும் திறனும் குறையவில்லை.

படத்தைப் பார்த்த உடனே வீட்டில் எல்லோரும், அடைப்பை விரித்துத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட்டை வைத்துவிடலாம் என்றார்கள். நானும்தான். குழாயில் அடைப்பு இருந்தால் அடைப்பை எடுப்பதுதானே முறை என்று தோன்றியது. குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது கருத்துக்காகப் போன ஒரு தனியார் மருத்துவமனையில் எங்களை உட்கார வைத்து, மறுநாள் காலையே வைத்துவிடலாம் என்றார்கள். எப்போது வேண்டுமானாலும் அட்டாக் வரலாம் என்ற சொல்லும் கூடவே வந்தது. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எந்தக் குடும்பமும் விலை கேட்காது. ஆனால் அரசு மருத்துவமனை மருத்துவர் முதலில் மூன்று மாதம் மாத்திரையில் பார்க்கலாம் என்றார். ஏழை நோயாளி என்று சிக்கனம் பார்க்கிறாரோ என்று எங்களுக்குச் சந்தேகம் வந்தது. நான் வெட்கத்தோடு எழுதும் வரி இது. ஏனென்றால் பின்னால் தேடிப் படித்தபோது உலகத்தின் பெரிய ஆய்வுகள் அவர் பக்கம்தான் நின்றன.

2007 இல் வெளியான 'கரேஜ்' ஆய்வு, நிலையான இதய நோயில் நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்ட்டையும் சேர்ப்பதால் மரணமோ மாரடைப்போ குறைவதில்லை என்று காட்டியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு, இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்து 2020 இல் முழுமையாக வெளியான 'இஸ்கீமியா' ஆய்வும் சில ஆண்டுக் கண்காணிப்பில் அதே முடிவைச் சொன்னது. காரணம் இப்போது ஓரளவு தெரிகிறது: மாரடைப்பைக் கொண்டுவருவது எப்போதும் படத்தில் பெரிதாகத் தெரியும் கெட்டியான அடைப்பு அல்ல, ஐம்பது சதவீதம்கூட அடைக்காத, உள்ளே கொழுப்பு நிறைந்து மேலே மெல்லிய தோல் மூடிய படிவு திடீரென்று வெடிப்பதாலும் பல வேளை அது வருகிறது. ஸ்டென்ட் ஓர் இடத்தைத் திறக்கிறது. ஆஸ்பிரினும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினும் குழாய் முழுவதையும் கவனிக்கின்றன. 'குழாய் அடைப்பு' என்ற நம் உவமைதான் நம்மை ஏமாற்றுகிறது. இதயத் தமனி இரும்புக் குழாய் அல்ல, நோய்பட்ட உயிருள்ள சுவர்.

அப்படியானால் ஸ்டென்ட் வீண் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அது உயிர்காக்கும் சிகிச்சை. அங்கே விவாதமே இல்லை. நிலையான ஆஞ்சைனாவில் அதன் பயன் நெரிப்பைக் குறைப்பது. அதையும் ஐயுற்று, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைப்பது போல நடித்து மட்டும் ஒப்பிட்ட 'ஆர்பிட்டா' என்ற பிரிட்டிஷ் ஆய்வு 2017 இல் வந்தது. மருந்துகள் நிறைய எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் உடற்பயிற்சி நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. 2023 இல் அதே குழுவினர் நெரிப்புக்கான மருந்துகளை நிறுத்திவிட்டுச் செய்த இரண்டாம் ஆய்வில், உண்மையாக ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களுக்கு நெரிப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. இடது முதன்மைத் தமனியில் அடைப்பு, இறைக்கும் திறன் குறைந்த இதயம், மருந்துக்கு அடங்காத தொல்லை என்றால் கணக்கு மாறும். நீரிழிவோடு மூன்று தமனிகளிலும் அடைப்பு இருப்பவர்களுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸ் அறுவையே மேல். விலையைப் பொறுத்தவரை, 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தபோதுதான், அதற்கு முன் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்திருந்த பல குடும்பங்களுக்குத் தாங்கள் கொடுத்தது எதற்கு என்ற கேள்வியே எழுந்தது.

அப்பாவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவை ஐந்து மாத்திரைகள். கட்டி உறையாமலிருக்க ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், இரவில் ஸ்டாட்டின், துடிப்பை மட்டுப்படுத்த ஒரு பீட்டா தடுப்பான், இரத்தக் குழாய்களைத் தளர்த்தி நீண்ட நேரம் வேலை செய்யும் ஒரு நைட்ரேட், அவசரத்துக்கு நாக்கடியில் வைக்க ஐசோசார்பைடு. இதில் பீட்டா தடுப்பான் செய்யும் வேலை நுட்பமானது. இதயத்தின் இடது அறைத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் அது சுருங்கும்போது அல்ல, தளரும்போதுதான் பாய்கிறது. துடிப்பு குறைந்தால் தேவை குறைவதோடு, இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான அந்தத் தளர்வு நேரமும் நீளுகிறது. செலவு குறைந்து வரவு கூடுகிறது. 1960களில் புரோபிரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988 இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்கும் சேர்த்துத்தான். ஸ்டாட்டினோடு மட்டும் அப்பாவுக்குச் சண்டை. 'கொலஸ்ட்ரால் நார்மல்னு வந்துடுச்சே, இன்னும் எதுக்கு?' என்று இரண்டு முறை நிறுத்தினார். நார்மலாக வந்ததே அந்த மாத்திரையால்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

நைட்ரேட்டின் கதை வேறு மாதிரியானது. 1867 இல் லாடர் பிரன்டன் என்ற எடின்பரோ மருத்துவர் அமைல் நைட்ரைட்டை முகர வைத்து ஆஞ்சைனாவைத் தணித்தார். 1879 இல் வில்லியம் மரல் அதே வேலைக்கு நைட்ரோகிளிசரினைப் பயன்படுத்தினார். டைனமைட்டின் வெடிபொருளும் அதுவேதான். வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குத் திங்கட்கிழமை தோறும் மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்து, வாரம் போகப் போகப் பழகி, ஞாயிறு ஓய்வுக்குப் பின் மறுபடி வந்தது. சிலருக்கு ஓய்வு நாளில்தான் நெஞ்சு நெரித்தது. நீலகிரி அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட தொழிற்சாலை தயாரித்த கார்டைட் என்ற வெடிமருந்தின் முக்கியக் கூறும் இதே பொருள்தான். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுநோய்க்கு நைட்ரோகிளிசரினை உட்கொள்ளும்படி மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த விதியின் விளையாட்டைக் குறிப்பிட்டு 1896 இல் அவர் ஒரு கடிதமும் எழுதினார். அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் குழாய்களைத் தளர்த்துகிறது என்பதை அறிய வழிவகுத்த மூவருக்கு 1998 இல் பரிசு போனது, அந்த நோபலின் பெயரால்.

அந்தத் திங்கட்கிழமைத் தலைவலி எங்கள் வீட்டு மருந்துச் சீட்டிலும் இருந்தது. நைட்ரேட் மாத்திரையைக் காலை எட்டு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வேளை என்றால் காலையும் இரவும்தானே, அவசரத்தில் தவறாக எழுதிவிட்டார்கள் என்று முடிவு செய்து, அப்பா இரண்டாவதை இரவு எட்டுக்கு மாற்றிக்கொண்டார். இரண்டு வாரத்தில் மறுபடி மூன்றாவது கம்பத்தில் நிற்கத் தொடங்கிவிட்டார். உடல் நைட்ரேட்டுக்கு விரைவில் பழகிவிடும். தினமும் பல மணி நேரம் அது இல்லாத இடைவெளி இருந்தால்தான் மறுநாள் வேலை செய்யும். அதற்காகவே இரவைக் காலியாக விட்டிருந்தார்கள்.

நாக்கடி மாத்திரையை எப்போதும் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், ஏனென்றால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றலாம். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரைகளோடு நைட்ரேட் எக்காரணம் கொண்டும் சேரக்கூடாது, அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். இரண்டாவது விஷயத்தை எந்த மருத்துவரும் அப்பாவிடம் என் முன்னால் கேட்கவில்லை. கேட்க முடியாததும் புரிகிறது. ஆனால் கூச்சத்தால் சொல்லாமல் விடக்கூடிய செய்தி அல்ல இது. மருத்துவரிடம் தனியாக ஒரு நிமிடம் பேசிவிட வேண்டும்.

ரயிலில் இரவுப் பணி முழுவதும் துணையாயிருந்த சிகரெட்டை அப்பா ஓய்வு பெற்றபோதே விட்டுவிட்டார். சர்க்கரை எல்லையில் இருந்தது, அழுத்தம் கூடுதலாக இருந்தது. தாத்தா ஐம்பத்தொன்பது வயதில் 'தூக்கத்திலேயே' போனவர். தெற்காசியர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதால், நாற்பத்தொரு வயதான நானும் அந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். என் விவரம் இன்னொரு பதிவுக்கானது.

மாத்திரைகள் சரியான நேரத்துக்கு மாறிய பிறகு, நாலாவது மாதத்தில் அப்பா நிற்காமல் பாலம் ஏறினார். வேகத்தைக் குறைத்துக்கொண்டார், வெண்பொங்கல் நடைக்குப் பின்தான். ஸ்டென்ட் இதுவரை வைக்கவில்லை. தேவைப்பட்டால் வைத்துக்கொள்வோம் என்று மருத்துவரோடு பேசி வைத்திருக்கிறோம். போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது நான் பத்தடி பின்னால் செல்போனைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அப்பா மூன்றாவது கம்பத்தருகே அசையாமல் நின்றிருந்தார். அவருடைய சட்டைப் பையிலிருக்கும் மாத்திரை நினைவுக்கு வர, ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, "என்னப்பா, பிடிக்குதா?" என்றேன். வலிக்கிறதா என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

அவர் திரும்பாமலே, புதிதாக ஒட்டியிருந்த சுவரொட்டியைக் காட்டினார். "கருமாதி வெள்ளிக்கிழமை பதினெட்டாம் தேதின்னு போட்டிருக்கான் பாரு. பதினெட்டு சனிக்கிழமைம்மா. வெளியூர்க்காரன் எந்த நாள்னு வருவான்?" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த பேனாவை எடுத்து 'வெள்ளி'யை அடித்துத் திருத்தினார்.